80 இடங்களில் முறிவு, பிசகு... 60 வயதுக்குப் பிறகு மீண்டும் பனிச்சறுக்கு! யார் இந்த மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி?

பனிச்சறுக்கில் முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் முடித்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நீ பிரேஸ் மாட்டிக்கிட்டா திரும்பப் போகலாமா? நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் துணி நீ கேப் இல்லை இது. முட்டியின் இரண்டு பக்கமும் கீல் வைத்த, உறுதியான சட்டம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, நூறு வருஷத்துக்கு முன்னால் நொறுங்கிப் போய் மீண்டு வந்த ஒருவரின் கதை உதவும்.

யார் இவர்?

மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி 1856 பிப்ரவரி 25-ல் இன்றைய செக் குடியரசின் மொராவியா பகுதியில் பிறந்தார். ஆசிரியர், ஓவியர், சிற்பி. பின்னர் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்ட் ஊருக்கு அருகே ஒரு மலைப்பண்ணையில் குடியேறினார். நார்வே வீரர் நான்சென் பனிச்சறுக்குப் பலகையில் கிரீன்லாந்தைக் கடந்ததைப் படித்ததும், தானும் பலகைகளை வரவழைத்தார்.

மாட்டியதும் பிரச்னை புரிந்தது. அந்தப் பலகைகள் ரொம்ப நீளம். கால் கட்டோ லூஸ். நார்வேயின் மேடுபள்ளங்களுக்குச் சரி, ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவில் பாதம் பக்கவாட்டில் நழுவியது. பலகையைக் குட்டையாக்கினார். உள்ளங்காலுக்குக் கீழே இரும்புத் தகடு வைத்து, குதிகால் மேலே எழும்ப, ஆனால் பாதம் பக்கவாட்டில் அசையாத ஒரு கட்டை உருவாக்கினார். 1896-ல் இந்த முறையைப் புத்தகமாகவும் எழுதினார். ஆயிரக்கணக்கானோருக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். 1905 மார்ச் 19-ல் லிலியன்ஃபெல்டில் 85 வாயில்கள் வைத்து அவர் நடத்திய போட்டிதான் இன்றைய ஸ்லாலமுக்கு முன்னோடி.

அந்த ஒரு நாள்

முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு மலைப் பயிற்சி கொடுத்தார். 1916 பிப்ரவரி 28. அறுபது வயது முடிந்து மூன்றே நாள். பனிச்சரிவு அவரை அப்படியே மூடியது. உயிரோடு வெளியே எடுத்தபோது உடம்பில் சுமார் 80 இடங்களில் எலும்பு முறிவும் மூட்டுப் பிசகும்.

இனி நடப்பதே கஷ்டம் என்ற நிலை. ஆனால் தனக்கான பயிற்சிகளைத் தானே வகுத்துக்கொண்டு, வலியோடு ஒவ்வொரு மூட்டாகப் பழக்கி, மறுபடியும் பனியில் சறுக்கினார். பனிச்சரிவுகளைப் பற்றித் தனிப் புத்தகமும் எழுதினார். 1940-ல், 84 வயதில் காலமானார்.

சரி, நீ பிரேஸ் வேணுமா?

பாதத்தைப் பலகையோடு இறுக்கினால்தான் திரும்பும்போது கட்டுப்பாடு கிடைக்கும். ஆனால் விழும்போது பலகை திரும்பினால் காலும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் பிற்காலத்தில், அழுத்தம் கூடினால் தானாகக் கழன்றுவிடும் கட்டுகள் வந்தன. இவை கணுக்கால், முழங்கால் கீழ் எலும்பு முறிவுகளைப் பெருமளவு குறைத்தன. முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வை மட்டும் அதே அளவுக்குக் காப்பாற்ற முடியவில்லை. பின்பக்கமாகச் சரிந்து விழும்போது கட்டு கழலாமலேயே ஜவ்வு கிழிந்துவிடலாம்.

பிரேஸ், முட்டி அளவுக்கு மீறி நீள்வதையும் பக்கவாட்டில் சாய்வதையும் ஓரளவு தடுக்கும். தைரியமும் தரும். அதன் கீல் முட்டி மூட்டுக்கு நேராக இருக்க வேண்டும், கீழே நழுவினால் பிரயோஜனமில்லை. ஆபரேஷன் செய்த எல்லோருக்கும் பிரேஸ் அவசியமா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து கிடையாது. தொடைத் தசைக்குப் பழைய பலம் வரணும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

ஸ்தார்ஸ்கி காலத்தில் இந்தப் பிரேஸ் எல்லாம் கிடையாது. பொறுமையாக உடம்பைப் பழக்கித்தான் அவர் சரிவுக்குத் திரும்பினார். இன்று பிரேஸ் மாட்டுபவருக்கும் அந்த வேலை மிச்சமில்லை.