துருவை வென்ற ஹாரி பிரியர்லி

சமையலறைக் கத்தியின் அலகிலும் அப்பாவின் சவர பிளேடிலும் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் பொறித்திருப்பதைக் காண்கிறோம். எஃகின் ஓசை ஓயாத இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைப் பகுதியில் வாழும் நாம், அச்சொல்லுக்குப் பின்னே நிற்கும் ஏழைத் தொழிலாளி மகனை அறிந்துகொள்வோமா?

ஹாரி பிரியர்லி 1871-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை எஃகு உருக்கும் தொழிலாளி. வறுமையால் 12 வயதிலேயே பள்ளியை விட்டு ஆலை வேலைக்குச் சென்றார். வேலை முடிந்தபின் இரவில் வேதியியல் பயின்று, 1908-இல் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார்.

துப்பாக்கிக் குழல்கள் உள்ளே அரித்துத் தேய்வதைத் தடுக்கும் பணி 1912-இல் அவரிடம் வந்தது. 1913 ஆகஸ்டு 13 அன்று 12.8 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் இட்டபோது அது அரிக்கவில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் கூட அதனிடம் தோற்றன. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எஃகைக் காக்கிறது. கீறினாலும் அப்படலம் மீண்டும் உருவாகிவிடும்.

இது வீட்டுக் கத்திக்கு ஏற்றது என்றார் பிரியர்லி. மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கொல்லர்கள் நகைத்தனர். அவர் மனம் தளரவில்லை. 1914-இல் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவரின் துணையோடு நல்ல கத்திகளைச் செய்து காட்டினார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரைச் சூட்டியவரும் ஸ்டூவர்ட்டே. உரிமை பற்றிய பிணக்கால் பிரியர்லி 1915-இல் அந்நிறுவனத்தை விட்டு விலகினார். பிறகு உடன்பாடு ஏற்பட்டு, நிறுவனத்தின் பெயரோடு அவர் பெயரும் கத்திகளில் முத்திரையாயிற்று. பிற நாட்டு அறிஞர்களும் அக்காலத்தில் இத்தகைய எஃகுகளை ஆராய்ந்தனர். எனினும் அதைக் கத்தியாக்கி மக்கள் கைக்குக் கொணர்ந்த பெருமை இவருடையது.

இம்முத்திரைக்குக் கறையே படியாது என்பது பொருளன்று. எளிதில் துருப்பிடிக்காது என்பதே பொருள். உப்புநீரில் நெடுநேரம் ஊறினால் இக்கத்தியிலும் புள்ளி விழும். நம் எவர்சில்வர் பாத்திரங்களில் காணும் 18/8 என்ற குறி, 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு என்பதைக் காட்டும். கத்தி எஃகில் கரி மிகுதி. அதனால்தான் கூர்மை நிற்கிறது. காந்தம் கத்தியில் நன்கு ஒட்டும். 18/8 பாத்திரத்தில் பெரும்பாலும் ஒட்டாது. செய்து பாருங்கள் தோழியரே!

பிரியர்லி 1941-இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, 1948-இல் மறைந்தார். ஏளனத்திற்கு அஞ்சாது உழைத்த அவரைப் போல நாமும் கண்ணால் கண்ட உண்மையைக் கைவிடாதிருப்போமாக!