விருதே வாங்காத டாகுமெண்டரி: ஏ.கே.செட்டியாரின் கதை

டாகுமெண்டரி என்றாலே இப்போ நமக்கு விருதுதான் ஞாபகத்துக்கு வருது. 2022-ல் டெல்லியின் பருந்துகளைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' சன்டான்ஸ் விழாவிலும் கான் விழாவிலும் பரிசு வாங்கியது. 2023-ல் நம்ம முதுமலைக் காட்டில் எடுத்த 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கியது. அன்னைக்கு அதை ஸ்டேட்டஸ் வைக்காதவங்க ரொம்பக் குறைவு.

ஆனா இதுக்கெல்லாம் 80 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தமிழர் உலகம் முழுக்க அலைந்து ஒரு முழுநீள டாகுமெண்டரி எடுத்தார். படம் காந்தியைப் பற்றியது. வெளியானபோது அவருக்கு வயசு 28. எந்த விழாவிலும் அது பரிசு வாங்கவில்லை. பரிசு போகட்டும், படமே பல வருஷம் காணாமல் போய்விட்டது. அவர் பெயர் ஏ.கே.செட்டியார்.

செட்டிநாட்டில் கோட்டையூர் அவர் ஊர். 1911 நவம்பரில் பிறந்தார். முழுப் பெயர் கருப்பன் செட்டியார். நகரத்தார் வீட்டுப் பையன் என்றால் அந்தக் காலத்தில் பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும்: கப்பல் ஏறி பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போய் வட்டிக்கடையில் உட்கார வேண்டும். இவரும் பர்மா போனார். ஆனா ரங்கூனில் இவர் பார்த்த வேலை 'தனவணிகன்' என்ற தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர் வேலை.

அடுத்து அவர் செய்ததுதான் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குப் புரிந்திருக்காது. 1930-களின் நடுவில் போட்டோகிராபி படிக்க ஜப்பான் போனார். டோக்கியோவில் படித்துவிட்டு அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் படித்தார். இன்னைக்கு நம்ம எம்.எஸ். பண்ண அப்ளை பண்ணுகிற மாதிரி அது இல்லை. படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாத படிப்பு.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தார். அன்னைக்கு காந்தி பிறந்தநாள். நடு அட்லாண்டிக்கில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது: காந்தியின் வாழ்க்கையை ஒரு டாகுமெண்டரியாக எடுத்தால் என்ன? அப்போ அவருக்கு 26 வயசுகூட முடியவில்லை. பெரிய பணமும் கிடையாது, சினிமாவில் தெரிந்த ஆளும் கிடையாது.

காந்தியைப் படமாக எடுப்பதில் முதல் சிக்கலே காந்திதான். அவருக்கு சினிமா மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. கேமராவுக்காக நின்று போஸ் கொடுக்கிற ஆளும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், 1937-ல் காந்திக்கு 68 வயசு. கதையில் முக்கியமான பாதி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா, சம்பாரண், தண்டி, லண்டன் வட்டமேசை எதையும் திரும்ப நடத்திப் படம் எடுக்க முடியாது. நடிகரை வைத்து எடுத்தால் அது டாகுமெண்டரி ஆகாது.

செட்டியார் கண்டுபிடித்த வழி இதுதான். காந்தி போன இடங்களில் எல்லாம் யாரோ ஒரு நியூஸ்ரீல் கேமராமேன் ஏதோ கொஞ்சம் எடுத்திருப்பான். அந்தத் துண்டுகள் எங்கேயோ ஒரு பெட்டியில் கிடக்கும். அதை எல்லாம் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். இன்னைக்கு ஆர்க்கைவ் ஃபுட்டேஜ் என்று சொல்கிறோமே, அதேதான். வித்தியாசம் என்னன்னா அப்போ சர்ச் பாக்ஸ் கிடையாது. கடிதம் எழுத வேண்டும், மாசக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், கடைசியில் கப்பல் ஏறி நேரில் போய் நிற்க வேண்டும்.

இதற்காக 'டாகுமெண்டரி பிலிம்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று போனார். சுமார் 1 லட்சம் மைல் பயணம். சேர்ந்தது 50,000 அடி பிலிம். 30 வருஷத்தில் சுமார் 100 கேமராமேன்கள் தனித்தனியாக எடுத்தது அது. அதில் ரொம்பப் பழசு, 1912-ல் கோகலே தென்னாப்பிரிக்கா போனபோது எடுத்த காட்சி. கோகலே கூட காந்தியும் அதில் இருக்கிறார். மகாத்மா ஆவதற்கு முந்தைய காந்தி.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு அந்தத் தென்னாப்பிரிக்கக் கதை தூரத்துக் கதை இல்லை. நெரவியிலிருந்து காரைக்கால் வழியா தரங்கம்பாடி ரோட்டில் போனா தில்லையாடி வரும். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறைக்குப் போய் 1914 பிப்ரவரியில் உயிரை விட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர் அது. இந்தியா திரும்பியதும் 1915-லேயே காந்தி அந்த ஊருக்கு வந்தார். செட்டியார் உலகம் முழுக்கத் தேடிய கதையின் ஒரு நுனி நம்ம பஸ் ரூட்டில்தான் இருக்கு.

நம்ம இன்ஜினியரிங் ஆட்கள் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 எம்.எம். பிலிமில் 1 அடிக்கு 16 பிரேம். பேசும் படம் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். அப்போ வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. 50,000 அடி என்றால் 9 மணி நேரத்துக்கும் மேலே. செட்டியார் அதை வெட்டி 12,000 அடிக்குக் கொண்டுவந்தார். அதாவது சுமார் 2 மணி 13 நிமிஷம். மும்பையில் நியூஸ்ரீல் வேலையில் பழகின டாக்டர் பி.வி.பதி இதில் அவருக்குப் பெரிய துணை. டி.கே.பட்டம்மாள் பாடிய பாட்டும் படத்தில் உண்டு.

இன்னொரு டெக்னிக்கல் தலைவலியும் இருந்தது. பழைய மௌனப் படங்களை வினாடிக்கு 24-க்கும் குறைவான பிரேமில்தான் எடுப்பார்கள். அதை அப்படியே பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் மனுஷங்க குடுகுடுன்னு ஓடுற மாதிரி தெரியும். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கேமராவில், வெவ்வேறு வேகத்தில் எடுத்த துண்டுகளை ஒரே படமாகப் பார்க்க வைக்கணும். மவுசைப் பிடித்து இழுக்கிற எடிட்டிங் இல்லை அது. கத்தரியும் பசையும்தான்.

இந்த இடத்தில் விழாக்கள் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கணும். உலகத்தின் முதல் பெரிய சர்வதேசத் திரைப்பட விழா இத்தாலியின் வெனிஸில் 1932-ல் ஆரம்பித்தது. செட்டியார் பிலிம் தேடிக்கொண்டிருந்த 1938-ல் அங்கே சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான முசோலினி கோப்பையை வாங்கியது ஒரு டாகுமெண்டரி: லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 'ஒலிம்பியா'. ஹிட்லர் அரசாங்கம் பணம் கொடுத்து எடுக்க வைத்த படம். கேமரா வேலையில் இன்னைக்கும் அதைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனா அந்தப் பரிசில் அரசியல் இருந்தது என்று மற்ற நாடுகள் கோபப்பட்டன. அந்தக் கோபத்தில்தான் பிரான்ஸ் கான் விழாவைத் திட்டமிட்டது. 1939 செப்டம்பர் 1-ல் ஆரம்பிக்க வேண்டிய விழா. அன்னைக்கே ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. விழா நின்றுபோய், 1946-ல்தான் நடந்தது.

ஆக, செட்டியாரின் படம் தயாரானபோது ஒரு விழா சர்வாதிகாரிகள் கையில் இருந்தது, இன்னொன்று பிறக்கவே இல்லை. இந்தியாவில் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952-ல்தான் வந்தது. தேசிய விருது 1954-ல் வந்தது. அந்த முதல் வருஷம் டாகுமெண்டரிக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் வாங்கியது 'மகாபலிபுரம்' என்ற படம். அப்போ செட்டியாரின் படத்துக்கு வயசு 14.

படம் 1940 ஆகஸ்ட் 23-ல் தமிழில் வெளியானது. பிறகு தெலுங்கிலும் வந்தது. நேரம்தான் சரியில்லை. உலகப் போர் நடக்குது, காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன, காந்தி அடுத்த சத்தியாகிரகத்துக்குத் தயாராகிறார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கண் முன்னாடி காந்தி படத்தை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. கொஞ்ச காலத்தில் படம் திரையிலிருந்து மறைந்தது. 1947 ஆகஸ்டில், சுதந்திரம் வந்த நேரத்தில், இந்தி வடிவம் டெல்லியில் காட்டப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தது. அதோடு சரி. அதுக்கப்புறம் படம் எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலை.

பிலிம் காணாமல் போவது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. அப்போதைய பிலிம் நைட்ரேட். சட்டென்று தீப்பிடிக்கும், தண்ணி ஊற்றினாலும் அணையாது, ஏன்னா எரியத் தேவையான ஆக்சிஜன் அதுக்குள்ளேயே இருக்கு. தீப்பிடிக்காவிட்டாலும் சூட்டிலும் ஈரத்திலும் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகும். நம்ம கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் காலத் தமிழ்ப் படங்கள் எத்தனையோ இப்படித்தான் போயின.

செட்டியார் என்ன செய்தார்? புலம்பவில்லை. 1943-ல் 'குமரி மலர்' என்ற பத்திரிகையை ஆரம்பித்து, 1983-ல் சாகும் வரை நடத்தினார். 40 வருஷம். பழைய பத்திரிகைகளில் மறைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்துப் போட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தொகுத்தார். யோசிச்சுப் பார்த்தா, பிலிமில் செய்த அதே வேலையைத்தான் பேப்பரில் செய்தார்: சிதறிக் கிடப்பதைத் தேடு, சேர், அழியாமல் அடுத்தவருக்குக் கொடு.

பயணக் கட்டுரைகள் நிறைய எழுதினார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவர் புத்தகத்தின் பெயர், பிறகு அதுவே அவருக்கும் பட்டப்பெயர் ஆகிவிட்டது. இவ்வளவு எழுதியும் தன்னைப் பற்றி எழுதியது கம்மி. உலகம் முழுக்க கேமராவோடு திரிந்தவரின் போட்டோ கிடைப்பதே கஷ்டம்.

காந்தி படம் எடுத்த அனுபவத்தை அவர் தொடராக எழுதியிருந்தார். அதை வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாகப் பதிப்பித்தார். படத்தையும் விடாமல் தேடி, கடைசியில் ஆங்கில வடிவத்தை அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கண்டுபிடித்தார். அது அமெரிக்கர்களுக்காகச் சுருக்கி, அவர்கள் குரலில் கதை சொல்லும் படம். 1940-ல் தமிழில் பேசிய அந்த 12,000 அடி அது இல்லை.

விருது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விருது வாங்கின படத்தை நாலு பேர் பத்திரமாக வைப்பார்கள், அது பெரிய உபயோகம். செட்டியாரின் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போச்சு. இன்னைக்கு நம்ம கையில் இருக்கிற போன், அவர் பார்த்த எந்த கேமராவையும் விட நல்லது. நெரவியிலும் காரைக்காலிலும் 1954-க்கு முன்னாடி பிரெஞ்சுக் கொடி பறந்ததைப் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் சில பேர் இருக்காங்க. இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போறவங்க, ஒரு மணி நேரம் அவங்க பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்து எடுங்க. எடுத்ததை மறக்காமல் இரண்டு இடத்தில் சேமித்து வைங்க.