வெப்பத்திற்குப் போர்வை கண்ட றம்போட் பிரபு

புதிதாக வெப்பத்தை ஆக்குவதினும், ஆக்கிய வெப்பத்தைக் காத்தல் எளிது, செலவும் சிறிது. இவ்வுண்மையை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். எனினும், அதனை அளந்து நிறுவியவர் யார் என வினவின் விடை கூறுவார் மிகச் சிலரே. அவர் பெயர் பெஞ்சமின் தொம்சன். றம்போட் பிரபு என்பது பின்னர் வந்த பட்டம். நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்து வரும் எனக்கு, அவரும் ஒருகாலத்துப் பள்ளியாசிரியர் என்பதே அவர் வரலாற்றின்பால் முதலில் விருப்பத்தை உண்டாக்கியது.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூபேண் என்னும் ஊரில், 1753 மார்ச் 26 இல் எளிய உழவர் குடியிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பதின்மூன்றாம் வயதிற் கடையொன்றில் தொழில் பழக நேர்ந்தது. தம் முயற்சியாற் கற்று, முன்னர் றம்போட் என வழங்கிய கொன்கோட் நகரிற் கற்பிக்கச் சென்றார். ஆங்கு 1772 இல் செல்வமுடைய கைம்பெண் ஒருவரை மணந்தார்; மகள் ஒருத்தி பிறந்தாள். அமெரிக்கர் விடுதலைக்கு எழுந்த காலத்து, இவரோ ஆங்கிலேயர் பக்கம் நின்று மறைவாகச் செய்தியும் அனுப்பினார். 1776 இல் மனைவி மக்களை விட்டு இலண்டன் சென்றார். அம்மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. இதனை நான் மறைக்க விரும்பவில்லை.

பின்னர் ஜேர்மனியின் பவேரியா நாட்டு அரசரிடம் ஊழியம் ஏற்றார். படைவீரருக்கு எவ்வகை ஆடை ஏற்றது என்னும் வினா அங்கே எழுந்தது. ஆடைகளின் தரத்தைக் கண்ணாலும் கையாலும் மதிப்பதே அந்நாளைய வழக்கம். இவரோ வெப்பமானி ஒன்றைக் கண்ணாடிக் குமிழின் நடுவே அமைத்து, இடைவெளியில் வெவ்வேறு பொருள்களை இட்டு நிரப்பினார். அதனைக் கொதிநீரிற் சூடாக்கிப் பின் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அது குளிர்வதற்கு எடுக்கும் காலத்தைக் கணக்கிட்டார். காற்று மட்டும் இருந்தபோது 576 வினாடியிற் குளிர்ந்த கருவி, ஆட்டுமயிர் இட்டபோது 1,118 வினாடியும், முயல்மயிர் இட்டபோது 1,315 வினாடியும் எடுத்தது. மயிரோ பஞ்சோ தன் இயல்பாற் சூடுடையதன்று. அதன் இழைகளிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கின்றது என்று அவர் துணிந்தார். இன்று வெப்பக் காவலி என நாம் வழங்கும் பொருள்களுட் பெரும்பாலானவற்றுக்கு இதுவே அடிப்படை. இவ்வாய்வுக்காக 1792 இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் கொப்ளி பதக்கம் வழங்கியது.

அறிவு ஏட்டோடு நிற்கவில்லை. மியூனிக் நகரின் இரவலரை 1790 ஆம் ஆண்டின் முதல் நாளிலே திரட்டி, தொழிற்சாலையொன்றில் அவர்க்கு வேலையும் உணவும் அளிக்க வகைசெய்தார். பலர்க்குச் சமைக்கும்போது விறகுச் செலவு மிகுவதைக் கண்டு, திறந்த அடுப்பை விலக்கி, செங்கற்சுவருள் பானை அமிழுமாறு மூடிய அடுப்புகளை அமைத்தார். தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. எவரும் எடுத்துப் பயன்கொள்ளட்டும் என விட்டார்.

பீரங்கி துளைக்கும்போது எழும் வெப்பத்துக்கு முடிவின்மை கண்டு, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என 1798 இல் வெளியிட்ட கட்டுரை பௌதிக வரலாற்றில் ஒரு திருப்பம். அடுத்த ஆண்டில் இலண்டனில் அரச நிறுவனம் தோன்றுதற்கு அவரே முன்னின்றார். அந்நிறுவனத்திலேதான் ஜேம்ஸ் டுவார், 1892 இல், இரு சுவர்களிடையே காற்றையும் அகற்றிய வெற்றிடக் குடுவையை ஆக்கினார். நம் இல்லங்களிலுள்ள சுடுநீர்ப் போத்தல் அக்குடுவையின் வழிவந்ததே.

இறுதிக்காலம் இனிதாக அமையவில்லை. வேதியியல் அறிஞர் இலவாசியேயின் கைம்பெண்ணைப் பாரிசில் மணந்தார்; 1809 இற் பிரிந்தனர். பிணக்கொன்றில் அவ்வம்மையார் இவருடைய பூஞ்செடிகளிற் கொதிநீரை ஊற்றினாராம். மகளுக்கு எழுதிய கடிதத்தில் இவரே இதனைக் கூறுகிறார். உலகுக்கு அடுப்பின் வெம்மையை அளித்தவர் தம் இல்லத்து வெம்மையை இருமுறை இழந்தார். 1814 ஆகஸ்ட் 21 இல், பாரிசை அடுத்த ஓத்தேயில் மறைந்தார்.

இத்தகையவரை மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகுமோ என்பார் உளர். ஒருவரது குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றுள் மிக்கது கொள்ளும் வழியை வள்ளுவர் நமக்கு வகுத்துள்ளார். அவ்வழி நின்று நோக்கின், குடும்பத்துக்கு இழைத்த குறை குறையே. ஆயினும் வறியோர் அடுப்பில் அவர் மிச்சப்படுத்திய விறகும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே கூறுதலே ஆசிரியன் கடன் என்பது என் கருத்து.

அவர் பாடம் நமக்கும் உரியது. யான் வாழும் ஜிந்துப்பிட்டியில் முன்னாளில் வெந்நீர் வேண்டுவோர் அடுப்பிற் பானை ஏற்றுவர். இந்நாளில் தொடர்மாடி வீடுகளில் கீசர் எனப்படும் மின்சுடுநீர்க் கலன்கள் வந்துள்ளன. நீர் சூடாயிருக்கையிற் கலனின் புறத்தைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியுமாயின், வெப்பம் வீணே கசிகின்றது என்பது பொருள். நாள் முழுதும் மின்னிணைப்பில் இருக்கும் கலன் ஆறுந்தோறும் மின்சாரத்தைக் குடிக்கும். அம்மின்சாரத்தின் ஒரு பகுதி நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துப் பெறப்படுவது. 2022 இல் நாள்தோறும் பல மணிநேரம் இருளில் இருந்த நமக்கு அதன் அருமை தெரியும். கண்ணாடி நாராலோ நுரைப்பொருளாலோ ஆன உறையைக் கலனுக்கும், அதிலிருந்து வரும் சுடுநீர்க் குழாயின் தொடக்கப் பகுதிக்கும் அணிவிக்கலாம். வெப்பநிலைச் சீராக்கியையும் காப்பு வாயிலையும் மின்னிணைப்பையும் மூடலாகாது. உறையை நனையவோ நசுங்கவோ விடலாகாது; உள்ளிருக்கும் காற்று வெளியேறின் அதன் பயனும் உடன் போகும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் குமிழொன்றினுள் முயல்மயிரை இட்டு ஒருவர் வினாடி எண்ணியதன் பயன் இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோமாக.