வலம்புரி, இடம்புரி கண்ட லூயி பாஸ்டர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வேதியியல் ஆசிரியனாக இருந்த எனக்கோ, அவர் 25 வயதில் செய்த ஒரு காரியமே பெரிதாகத் தோன்றுகிறது.

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸில் டோல் என்ற ஊரில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் படம் வரைவதில் கெட்டிக்காரர். உற்றுப் பார்க்கும் அந்தப் பழக்கம் பிற்பாடு கைகொடுத்தது.

நாம் ரசத்துக்குக் கரைக்கும் புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் திராட்சையிலும் உண்டு. முனைவாக்கிய ஒளியை அதன் கரைசல் வலப்புறம் திருப்பும். அதே இயைபுள்ள பாராடார்டாரிக் அமிலமோ திருப்பாது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

1848-ல் பாரிஸில் பாஸ்டர் இதன் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கிப் பார்த்தார். படிகங்கள் இரண்டு வகையாக இருந்தன. சாதாரணச் சங்கும் வலம்புரிச் சங்கும் போல, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம்! ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிப் பிரித்துத் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்புறமும், மற்றது இடப்புறமும் திருப்பின. கலந்திருந்தபோது ஒன்றின் விளைவை மற்றது ஈடுகட்டியிருந்தது.

படிகமாகும்போது அந்த மூலக்கூறுகள் தாமாகவே தத்தம் இனத்தோடு சேர்ந்து அணிவகுக்கின்றன. சுமார் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் இப்படிப் பிரியும். சென்னைக் கோடையில் செய்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது!

மூத்த விஞ்ஞானி பியோ இதை லேசில் நம்பவில்லை. தாம் கொடுத்த பொருள்களைக் கொண்டே செய்துகாட்டச் சொன்னார். பாஸ்டர் பிரித்துத் தந்த படிகங்களைத் தாமே கரைத்துச் சோதித்தார். ஒளி இடப்புறம் திரும்பியது. அன்று முதல் அந்த முதியவர் பாஸ்டருக்குப் பெரிய ஆதரவாளரானார்.

பின்னர் ஒருவகைப் பூஞ்சை வலக்கை வடிவத்தை மட்டுமே உண்டு, மற்றதை விட்டுவைப்பதை பாஸ்டர் கண்டார். உயிருக்குக் கை வித்தியாசம் தெரிகிறது! நொதித்தலையும் நுண்ணுயிர்களையும் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கு இந்த எண்ணம் துணை நின்றது.

சொந்த வாழ்வில் சோகங்கள் பல. மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1868-ல் பக்கவாதத்தால் இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. அப்படியும் ஓயாமல் உழைத்து, 1885-ல் வெறிநாய்க்கடிச் சிகிச்சையை அளித்தார். 1895 செப்டம்பர் 28-ல் காலமானார். 1907-ல் நம் குன்னூரிலும் அவர் பெயரில் நிறுவனம் எழுந்தது.

நம் உடலின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. இயற்கை ஏன் அந்தக் கையைத் தேர்ந்தது என்பதற்கு இன்னும் முடிவான விடை இல்லை. நம் வீட்டுப் பேரக்குழந்தைகளில் யாரேனும் அதைக் கண்டுபிடிக்கட்டும்.