காயிதெ மில்லத்தும் நம் எல்லைப்புறமும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அடுப்படி மொழி உர்து. வாசலைத் தாண்டினால் தமிழும் தெலுங்கும் கன்னடமும். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி எல்லாப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தேர்வு எழுதவேண்டும் என்ற கட்டம் வந்தபோது, மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்று 2016-இல் விலக்குப் பெற்றனர். தமிழ்ப் பற்றா, தாய்மொழி உரிமையா என்று அப்போது நம்மைக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நமக்கு மர்ஹூம் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபின் நினைவு வருகிறது.

1896 ஜூன் 5-இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர் அவர். ஒத்துழையாமைக் காலத்தில் பட்டப் படிப்பைத் துறந்தார். பிறகு தோல் வணிகத்தில் இறங்கி, அங்கிருந்து பொதுவாழ்வுக்கு வந்தார்.

பிரிவினைக்குப் பின் நம் சமுதாயம் வாயடைத்து நின்றது. லீக்கைக் கலைத்துவிடுவதே பிழைக்கும் வழி என்று அறிந்தவர்களே சொன்னார்கள். 1948 மார்ச் 10-இல் சென்னையில், இன்று ராஜாஜி பெயர் தாங்கும் மண்டபத்தில் கூடினார்கள். அந்த ராஜாஜி நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். கலைப்பதில்லை என்று அங்கே முடிவாயிற்று. தலைமைப் பொறுப்பு இஸ்மாயீல் சாஹிபின் தோளில் விழுந்தது.

அரசியல் நிர்ணய சபையில் அவர் கேட்டவை பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1948 நவம்பர் 23-இல், எந்தச் சமூகமும் தன் ஷரீஅத் போன்ற தனிச்சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார், தோற்றது. 1949 மே மாதம் தனித்தொகுதி கேட்டார், அதுவும் தோற்றது. அந்தக் கோரிக்கையை பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே எதிர்த்தார்கள். பிரிவினையின் புண் ஆறாத அந்த நேரத்தில் அது வேண்டியிருந்ததா என்று நமக்கும் ஐயம் உண்டு. ஆனால் தோற்ற பிறகும் அவர் சபையை விட்டு வெளியேறவில்லை, அரசியல் சாசனத்தைப் பழிக்கவுமில்லை. அடுத்த விவாதத்துக்குக் குறிப்புகளோடு வந்து அமர்ந்தார்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தது. இந்த மண்ணின் மொழிகளில் பழமைக்கு உரிமை கொண்டாடத்தக்கது தமிழே என்று எழுந்து சொன்னவர் இந்த முஸ்லிம் லீக் தலைவர்தான்! தமிழுக்காக அன்று வாதாடிய அவரை, உர்து பேசும் நம் வீடுகளும் தம் தலைவராகவே கொண்டாடின. அதில் யாரும் முரண் காணவில்லை.

மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையான எவரும் தம் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தலாம் என்று சாசனத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956-இல் 350-ஏ பிரிவு சேர்ந்தது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யவேண்டும் என்கிறது அது. அன்று இஸ்மாயீல் சாஹிப் மாநிலங்களவையில் இருந்தார். எல்லையோரத்தில் எந்த மாநிலத்தில் சேர்ந்தாலும் சிலர் சிறுபான்மையாகிவிடும் நம்மைப் போன்ற ஊர்களுக்கே அந்தப் பிரிவு மிகவும் பயன்படுகிறது. உர்துப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு மனு எழுதும் ஜமாஅத்தார் இந்த இரண்டு எண்களையும் மனுவில் மறவாமல் குறிக்கட்டும்.

1962, 1967, 1971 என மூன்று முறை கேரளத்து மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1967-இல் தி.மு.க.வோடும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடும் அவர் கைகோத்தபோது தமிழகத்தில் ஆட்சியே மாறியது.

1972 ஏப்ரல் 5-இல் அவர் வஃபாத்தானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். தொரப்பள்ளி ராஜாஜியும் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.