துவாரகநாத் தாகூர்

துவாரகநாத் தாகூர் (1794 – ஆகஸ்ட் 1, 1846) கொல்கத்தாவைச் சேர்ந்த வணிகரும் நிலக்கிழாரும் தொழில் முனைவோரும் ஆவார். இந்தியாவில் பயணிகள் தொடர்வண்டி ஓடத் தொடங்கிய 1853 ஆம் ஆண்டுக்கு முன்னரே, நிலக்கரியை ஏற்றிச் செல்லத் தனியார் இருப்புப்பாதை அமைக்க முயன்றவர். தேவேந்திரநாத் தாகூர் இவருடைய மகன். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருடைய பேரன்.

இளமையும் வணிகமும்

துவாரகநாத் தாகூர் கொல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் வாழ்ந்த தாகூர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் உடன்பிறந்தவரான ராம்லோசன் இவரைத் தத்தெடுத்து வளர்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சுங்கம், உப்பு, அபின் வாரியத்தில் திவானாகப் பணியாற்றினார். 1829 இல் யூனியன் வங்கியைத் தோற்றுவித்தவர்களுள் இவரும் ஒருவர். 1834 இல் அரசுப் பணியிலிருந்து விலகி, வில்லியம் கார் என்னும் ஆங்கிலேயருடன் இணைந்து கார், தாகூர் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நிறுவனம் அவுரி, பட்டு, சர்க்கரை ஆகியவற்றோடு அபின் வணிகத்திலும் ஈடுபட்டது.

நிலக்கரியும் தாமோதர் ஆறும்

1836 இல் இவரது நிறுவனம் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கியது. நீராவிக் கப்பல்களின் வருகையால் கொல்கத்தாவில் நிலக்கரியின் தேவை பெருகி வந்தது. ஆனால் வெட்டிய கரியைத் தாமோதர் ஆற்றின் வழியே படகுகளில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது மட்டுமே படகுகள் செல்ல முடிந்ததால், மற்ற மாதங்களில் கரி தேங்கிக் கிடந்தது. 1843 இல், போட்டியாக இருந்த மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து வங்காள நிலக்கரி நிறுவனம் உருவாக்கப்பட்டது. எனினும் போக்குவரத்துச் சிக்கல் தீரவில்லை.

இருப்புப்பாதை முயற்சி

1842 இல் ஐரோப்பாவுக்குச் சென்ற துவாரகநாத், இங்கிலாந்தில் தொடர்வண்டிகளில் பயணம் செய்தார். நாடு திரும்பிய பின்னர், கொல்கத்தாவிலிருந்து நிலக்கரிப் பகுதிக்குப் பாதை அமைப்பதானால் அதற்கான மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தர 1844 இல் இவரது நிறுவனம் முன்வந்தது. தொடர்ந்து கிரேட் வெஸ்டர்ன் பெங்கால் ரயில்வே என்னும் நிறுவனம் தோன்றியது. அதே காலத்தில் ரோலண்ட் மெக்டொனால்டு ஸ்டீபன்சன் 1845 இல் லண்டனில் கிழக்கிந்திய ரயில்வே நிறுவனத்தை அமைத்தார். பாதை எதுவும் போடப்படும் முன்னரே, 1847 இல் முன்னது பின்னதுடன் இணைக்கப்பட்டது.

மறைவும் பின்விளைவுகளும்

இந்த இணைப்பைக் காணத் துவாரகநாத் உயிருடன் இல்லை. இரண்டாம் முறையாக இங்கிலாந்து சென்றிருந்தபோது லண்டனில் காலமானார். 1848 இல் யூனியன் வங்கி வீழ்ந்தது. கார், தாகூர் நிறுவனமும் அவ்வாண்டிலேயே முடங்கியது. கடன்களை அடைக்கும் பொறுப்பு தேவேந்திரநாத்தைச் சேர்ந்தது.

1849 இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கிழக்கிந்திய ரயில்வேயின் மூலதனத்துக்கு 5 விழுக்காடு வட்டி உறுதியளித்தது. வருவாய் குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்பட்டது. முதலீட்டின் பெரும்பகுதி பிரித்தானியரிடமிருந்தே வந்தது. 1855 பிப்ரவரி 3 அன்று ஹவுரா – ராணிகஞ்ச் பாதை (121 மைல்) திறக்கப்பட்டது. அதன் பின்னர் ராணிகஞ்ச் நிலக்கரி கொல்கத்தாவை அடைய மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. துவாரகநாத் விரும்பிய சரக்குப் பாதை உருவானது. ஆனால் இந்திய முதலீட்டாளர்களுக்கு அதில் அவர் கோரிய பங்கு கிடைக்கவில்லை.