சட்டம் இருக்கு... சம்பளம் யார் கொடுப்பது? ஜூலியா லாத்ரப் கதை

1899 ஜூலை 1. சிறுவர்களுக்கென்றே தனி நீதிமன்றம் அமைக்கும் சட்டம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அமலுக்கு வந்தது. அந்த நாட்டில் அதுதான் முதல். தவறு செய்த சிறுவனை ஜெயிலில் போடாமல் வீட்டிலேயே வைத்துக் கவனிக்க நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கலாம் என்றது சட்டம். ஆனால் அவர்களுக்கு அரசுப் பணத்தில் சம்பளம் கிடையாதாம்! அப்புறம் யார் வேலைக்கு வருவாங்க?

இந்த ஓட்டையை அடைக்கப் போராடியவர்களில் ஒருவர்தான் ஜூலியா லாத்ரப். 1858-ல் ராக்ஃபோர்டில் பிறந்தவர், அப்பா வக்கீல். 1890-ல் சிகாகோ போய், ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுஸில் சேர்ந்தார். 1893-ல் மாநிலத் தொண்டு வாரிய உறுப்பினரானதும், 102 கவுண்டிகளிலும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருந்த ஏழைகள் விடுதிகளை நேரில் போய்ப் பார்த்தார். முதியவர்கள், மனநோயாளிகளோடு குழந்தைகளும் அங்கே கிடந்தார்கள்.

சிறுவர் நீதிமன்றம் வந்ததும், லாத்ரப் முதல் தலைவராக இருந்த பெண்கள் குழு நன்கொடை திரட்டி அலுவலர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. விசாரணை முடியும்வரை சிறுவர்கள் தங்க ஓர் இல்லத்தையும் நடத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு நீதிமன்றம் எத்தனை நாள் நன்கொடையில் ஓடும்? இது அரசின் செலவு என்று அந்தப் பெண்கள் விடாமல் வலியுறுத்தினார்கள். 1905-ல் சட்டம் திருத்தப்பட்டு, சம்பளப் பொறுப்பு கவுண்டிக்குப் போனது. 1907-ல் ஹல் ஹவுஸுக்கு எதிரிலேயே நீதிமன்றமும் தங்கும் இல்லமும் சேர்ந்த கட்டடம் வந்தது.

1912-ல் அதிபர் டாஃப்ட், மத்திய அரசின் புதிய குழந்தைகள் நலத் துறைக்கு லாத்ரப்பைத் தலைவராக்கினார். மொத்த நாட்டுக்கும் முதல் பட்ஜெட் 25,640 டாலர்தான். அதை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டினார். சில ஆண்டுகளில் தொகை பல மடங்கானது. 1921-ல் பதவி விலகியவர், 1932-ல் ராக்ஃபோர்டில் காலமானார்.